43-ஆம் எண் புளியமரத்துக்குக் கிழக்கே

திண்டிவனத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் திருச்சி டிரங்க் ரோட்டின் இரண்டு பக்கமும் அப்போது புளியமரங்கள் நின்றன. உச்சி வெயிலிலும் ரோட்டில் நிழல் கிடக்கும். மரத்துக்கு மரம் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் கறுப்பு மையால் எண் எழுதியிருப்பார்கள். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் தங்கள் கணக்குக்காகப் போட்ட எண் அது. எங்கள் தொழிலில் அது வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டது. விபத்து நடந்த இடத்துக்குப் போலீசார் போடும் மாதிரி வரைபடத்தில் ‘43-ஆம் எண் புளியமரத்துக்குக் கிழக்கே 12 அடி’ என்று எழுதி, அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். ஒரு உயிர் கடைசியாக நின்ற இடம் அந்தப் பெருக்கல் குறி.

அந்தக் குறியிலிருந்து கிளம்பி ஒரு தொகைக்குப் போய்ச் சேரும் வழியைத் தேடுவதுதான் 38 வருஷம் நான் பார்த்த வேலை.

1984-இல் நான் கறுப்புக் கோட்டு போட்டபோது விழுப்புரம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. தலைமையிடம் கடலூர். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான். 108 ஆம்புலன்ஸ் வர 2008 ஆக வேண்டியிருந்தது. ரோட்டில் அடிபட்டவரை வருகிற வண்டியை மறித்து ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி ஜிப்மருக்கு ஓடுவார்கள். விழுப்புரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வழியிலேயே போய்விட்டவர்கள் எத்தனையோ பேர். பிழைத்தவர்களும், பிழைக்காதவர்களின் வீட்டாரும், சில மாதம் கழித்து எங்கள் ஆபீஸ் திண்ணைக்கு வந்து உட்காருவார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, ரேஷன் கார்டு, மடித்து மடித்து நாலாகக் கிழியும் நிலையில் ஒரு போட்டோ.

என் சீனியர் முதலில் நிலத் தகராறு வழக்குகள் நடத்தியவர். ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “வரப்பு வழக்கு மூணு தலைமுறைக்கு ஓடும் தம்பி. ரெண்டு பக்கமும் அதுவரைக்கும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருப்பாங்க. இவங்களுக்கு நாளைக்கு அரிசி வேணும்” என்றார். அவர் போலீஸ் வரைபடத்தை நம்ப மாட்டார். வழக்கை ஒப்புக்கொண்ட வாரத்திலேயே இடத்தைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. அவருடைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன், மடியில் ஒரு சணல் கயிற்றுச் சுருள். அடிக்கு ஒன்றாக 50 முடிச்சு போட்ட கயிறு. மரத்தடியில் ஒரு நுனியை நான் பிடித்துக்கொள்ள, அவர் மறு நுனியை எடுத்துக்கொண்டு தார் விளிம்புக்கு நடப்பார். பிறகு முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி எண்ணிக்கொண்டே என்னிடம் திரும்பி வருவார். உதடு மட்டும் அசையும்.

மரத்திலிருந்து தார் விளிம்பு வரைக்கும் 10 அடி என்று வரைபடம் சொல்லும். அப்படியானால் 12-ஆவது அடியில் விழுந்தவர் தாரில் நடந்தவர், அவர் மேலும் தப்பு உண்டு என்று இன்சூரன்ஸ் வக்கீல் வாதாடுவார். கயிற்றில் 14 முடிச்சு வரும். அப்போது அந்த ஆள் மண்ணில் நின்றிருக்கிறார், தாரை விட்டு இறங்கி வந்தது லாரி. அந்த நாலு முடிச்சில்தான் வழக்கே இருக்கும். “வரைபடத்துல தப்பு இருக்குன்னு போலீஸ்காரரோட சண்டை போடாத. கூண்டுல நிக்கிறப்போ மரியாதையா, மறுபடி அளந்து பார்த்தீங்களான்னு மட்டும் கேளு” என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நான் உயர்த்திய நாட்களில் சாயந்திரம் ஆபீசுக்கு வந்து, காபி குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, “இன்னைக்கு நீ பேசினது ஜட்ஜுக்கா, உனக்கா?” என்று கேட்பார்.

அவர் மேஜையில் சட்ட இதழ்கள் அடுக்கு அடுக்காக இருந்தன. ஒரு தீர்ப்பு இருந்த பக்கம் மட்டும் மூலை மடிந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, விரித்தால் தானாகவே திறந்துகொள்ளும். என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமாயி அம்மாள். 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதியது. நம் தமிழ்நாட்டு பஸ் ஒன்று இரவில் போய்க்கொண்டிருந்தபோது, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசிவிட்டது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். டிரைவர் குற்றவியல் கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டார். அவர் விடுதலையான பிறகு எங்களிடம் எப்படி நஷ்டஈடு கேட்கலாம் என்பது முதலாளி தரப்பின் வாதம். சிறைக்கு அனுப்பத் தேவையான நிரூபணம் வேறு, பிழைத்துக் கிடப்பவர்களுக்கு ஈடு கொடுக்கத் தேவையான நிரூபணம் வேறு என்று கிருஷ்ணய்யர் தள்ளிவிட்டார். சில்லறை நுணுக்கங்களைக் காட்டி வண்டிக்காரர் தப்பிக்கத் தீர்ப்பாயங்கள் இடம் கொடுக்கக் கூடாது என்றும் எழுதினார். தலச்சேரியில் வக்கீலாக இருந்து, ஏழைகளின் வழக்குகளைத் தூக்கிச் சுமந்தவர் அவர். இந்தத் தீர்ப்பைச் சீனியர் கோர்ட்டில் வாசிக்கும்போது பக்கத்தைப் பார்க்க மாட்டார்.

தப்பு யார் மேல் என்பதைக் கயிறு காட்டிவிடும். தொகைதான் கஷ்டம். இறந்தவரின் மாத வருமானம், அதில் அவர் தனக்காகச் செலவழித்தது போக மிச்சம், அதை எத்தனை வருஷத்தால் பெருக்குவது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் எங்களிடம் வருபவர்களில் சம்பளச் சீட்டு வைத்திருப்பவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் பெரிது. கரும்பு வெட்டுகிறவர், சித்தாள், மாட்டு வண்டி ஓட்டுகிறவர், சந்தையில் மல்லாட்டை விற்கிறவர். “மாசம் எவ்வளவு சம்பாதிச்சாரு?” என்று கேட்டால் அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள். சீனியர் அப்படிக் கேட்கவே மாட்டார். “வாரத்துக்கு எத்தனை படி அரிசி வாங்குவீங்கம்மா?” என்று ஆரம்பிப்பார். “பொங்கலுக்குப் பிள்ளைங்களுக்குத் துணி எடுத்தது எந்தக் கடையில? மளிகை எங்க? கடன் இருந்துச்சா, எவ்வளவு?” கடன் தொகையைக் கேட்டவுடன் அவர் முகம் தெளியும். கடன் கொடுத்தவன், ஆளின் வருமானத்தைக் கணக்குப் பார்க்காமலா கொடுத்திருப்பான்? மளிகைக் கடைக்காரரைச் சிட்டை நோட்டோடு கூண்டில் ஏற்றிவிடுவார். நான் சட்டக் கல்லூரியில் படித்த சாட்சியச் சட்டம் முழுவதையும் அந்தச் சிட்டை நோட்டில்தான் மறுபடி படித்தேன்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசி வழக்கு நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எங்கள் தொழிலில் அந்த விதி எவ்வளவு மீறப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் தரகர்கள் நின்றதும், காயத்துக்குக் கட்டு போடும் முன்பே வக்காலத்தில் கைரேகை வாங்கியதும் நான் கண்ணால் பார்த்தவை. அதைச் செய்தவர்களை நான் மன்னிக்கவில்லை. சீனியர் டைப் அடிக்கும் செலவை மட்டும் முதலில் வாங்குவார். மற்றது, தீர்ப்பில் வழக்குச் செலவாகக் கோர்ட் போடுகிற வக்கீல் கட்டணம். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும் என்று அவர் வீட்டம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அறை எழும்பவே இல்லை.

1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இது யாருடைய துக்கத்தை வைத்துக் கணக்கிட்ட ஆறு மாதமோ தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் 16-ஆம் நாள் காரியம் முடிந்தாலும், தலைத் திவசம் ஆகும்வரை புருஷனை இழந்தவள் வாசல் தாண்டுவதை ஊர் ஒப்புக்கொள்ளாது. வருஷம் முடிந்து அவள் வரும்போது கெடு போய்விட்டிருக்கும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, அதற்கு ஒரு பிரமாண வாக்குமூலம். அதில் ‘உடல்நலக் குறைவால் வர இயலவில்லை’ என்று எழுதுவோம். துக்கம் என்று எழுதினால் போதுமான காரணம் ஆகாது. 1988-இல் புதுச் சட்டம் வந்து, 1989 ஜூலை 1 முதல் அமலானது. 1994 திருத்தத்தில் காலக்கெடுவையே எடுத்துவிட்டார்கள். அன்று சீனியர் ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னார். அவர் போய்ப் பல வருஷம் கழித்து, 2019 திருத்தத்தில் அதே ஆறு மாதம் திரும்பி வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நான் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தியதும் அந்த வருஷம்தான்.

ஒரு தவில்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். கல்யாணக் கச்சேரி முடிந்து விடிகாலையில் வேனில் திரும்பும்போது, முன்னால் விளக்கில்லாமல் நின்ற டிராக்டரில் வேன் மோதி, வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. டாக்டர் சாட்சி சொன்ன ஊனம் 8 விழுக்காடு. எட்டுதான். நடக்கிறார், சாப்பிடுகிறார், கையெழுத்துப் போடுகிறார். குறுக்கு விசாரணை முடியும் நேரத்தில், அவர் ஜட்ஜைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். அதற்குள் தவில் வாசிக்க விரலில் மாட்டும் கூடுகள். ஒவ்வொன்றாக மாட்டினார். மூன்று ஏறின. மிச்சம் இரண்டைக் கூண்டின் மரச்சட்டத்தின் மேல் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. டைப்பிஸ்ட் கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், அதை எப்படித் தட்டெழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. தீர்ப்பில் 8 விழுக்காட்டுக்கான தொகைதான் வந்தது. உடம்பு இழந்தது எவ்வளவு என்பது வேறு, பிழைப்பு இழந்தது எவ்வளவு என்பது வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்துச் சொன்னது 2010-இல். இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் தொழிலே போய்விடும், குமாஸ்தாவுக்கு அப்படியில்லை என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் காட்டுகிறது. அதைப் படித்தபோது நான் முதலில் நினைத்தது மரச்சட்டத்தின் மேல் இருந்த அந்த இரண்டு கூடுகளை. தவில்காரர் அதற்குள் காலமாகிவிட்டார்.

இனி 43-ஆம் எண் மரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

1986, ஐப்பசி மாதம். விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு லாரி தாரை விட்டு இறங்கி, ரோட்டு ஓரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அடித்துவிட்டது. வயது 31. இரண்டு பெண் குழந்தைகள். சீனியர் எனக்கென்று முழுதாகக் கொடுத்த முதல் வழக்கு அது. கயிறு போட்டு நானே அளந்தேன். தப்பு லாரி மேல் என்று நிரூபிப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. எஃப்.ஐ.ஆர்., மாதிரி வரைபடம், பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் வரிசையாகச் சான்றாவணமாகக் குறியீடு செய்தேன். பிறகு புருஷன் கூண்டில் ஏறினார். பயந்த சுபாவம். டவாலி அவர் பேரைக் கூப்பிட்டபோதே உடம்பு நடுங்கியது.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

“உங்க சம்சாரம் வேலைக்குப் போனாங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப என்ன பண்ணிட்டு இருந்தாங்க?”

“வூட்லதாங்க. சும்மாதாங்க இருந்துச்சு.”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ‘என் மனைவி வீட்டில் சும்மா இருந்தார்’ என்று டைப் ஆனது. நான் அந்த மனிதரை மறுவிசாரணை செய்திருக்கலாம். எதைக் கேட்பது என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டார், என்ன செய்வது என்றுதான் நினைத்தேன். என் அம்மாவைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இறந்தவருக்கு வருமானம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. யார் தப்பு என்று பார்க்காமலே கொடுக்க வேண்டிய தொகை அப்போது மரணத்துக்கு 15,000 ரூபாய். அதையும் சேர்த்து மொத்தம் 20,000.

அந்தப் பணம் வந்த சமயம், பத்திரங்களில் கையெழுத்து வாங்க அவர் ஊருக்குப் போனேன். குழந்தைகளின் பங்கை பாங்கில் டெபாசிட் போட வேண்டியிருந்தது. வீட்டுப் பக்கவாட்டில் ஒரு கொட்டகை, கீற்று சரிந்து கிடந்தது. இரண்டு முளைக்குச்சி, தேய்ந்த கல்தொட்டி. மாடு இருந்ததா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“ரெண்டு கறவை இருந்துச்சுங்க. வித்துட்டேன். யாரு புல்லு அறுக்கிறது, யாரு பால் கறக்கிறது?”

உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். பால் சங்க அட்டை. காலை, மாலை, லிட்டர் கணக்கு, 15 நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. 1986 ஐப்பசி வரைக்கும் ஒரு நாள் விடாமல் மை எழுத்து. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள். அட்டையின் தலைப்பில் அவர் பேர்தான் இருந்தது. பாலை எடுத்துக்கொண்டு போய் ஊற்றியது அவள். புல் அறுத்தது, சாணி அள்ளியது, மாமியாருக்குக் கால் பிடித்தது, சீசனில் நடவுக்குப் போனது எல்லாம் அவள். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது வேலை என்று தெரியாது. கேட்டிருக்க வேண்டியவன் நான். அரிசி எத்தனை படி என்று கேட்கக் கற்றிருந்தேன், அதை வடித்தது யார் என்று கேட்கவில்லை.

மேல்முறையீட்டுக்கும் கெடு தாண்டிவிட்டது. சீனியரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. “நானும் கேட்டிருக்க மாட்டேன்டா” என்றார். அன்றைக்கு அதுவே எனக்கு அதிகமாக வலித்தது.

அதன் பிறகு பெண்கள் இறந்த எந்த வழக்கிலும், புருஷனிடம் “விடியக்காலைல முதல்ல எழுந்திருச்சது யாரு?” என்றுதான் ஆரம்பிப்பேன். இரவு விளக்கை அணைப்பதுவரை சொல்லச் சொல்லுவேன். சொல்லிக்கொண்டே வருபவர், நாலைந்து வேலை தாண்டியதும் தானாக நிறுத்திவிடுவார். சட்டம் இதைக் கற்க இன்னும் நாளானது. ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கான லதா வாத்வாவில், இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் மதிப்புப் போட்டது 2001-இல். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், மைனர் தீபிகா வழக்கில் 2009-இல், அந்த உழைப்பை எந்தெந்த வழியில் அளக்கலாம் என்று பொறுமையாக எடுத்து எழுதினார். அவள் வெளியே போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பாள் என்று பார்க்கலாம். அவள் செய்ததைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். குடும்பத்தின் வரவில் அவளைச் சரிபாதிக் கூட்டாளியாக வைத்தும் பார்க்கலாம். அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் அருண்குமார் அகர்வால் வழக்கில் அதை எடுத்துக் கையாண்டது. 2021-இல் கீர்த்தி வழக்கில் நீதிபதி ரமணா, அரசின் நேரக் கணக்கெடுப்பையே எடுத்து வைத்தார். கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண் ஒரு நாளில் செலவழிப்பது சராசரி 299 நிமிடம், ஆண் 97. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 வயதுக்குப் பெருக்கல் எண் 16. ஒரு ராத்திரி, சும்மா இருக்க முடியாமல், 3,000-ஐ 12-ஆல் பெருக்கி, அதை 16-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 5,76,000. பழைய தொகைக்கும் புதிய கணக்குக்கும் சட்டப்படி ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்தச் சீட்டை இன்றுவரை கிழிக்கவில்லை.

தீர்ப்பு வாங்கினால் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் அரசு பஸ் வழக்கு நடத்தியிருக்க மாட்டார்கள். போக்குவரத்துக் கழக பஸ்களுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை, சட்டத்திலேயே விலக்கு உண்டு. தங்கள் நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் அமீனாவை அழைத்துப் போய் பஸ்ஸை ஜப்தி செய்ய வேண்டும். 2003 வாக்கில் ஒரு கழகத்தின் மீது அப்படி ஒரு உத்தரவு வாங்கினேன். சைக்கிளில் போன பையன் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மனுதாரர் அவன் தாய், எழுபதை நெருங்கியவர். பஸ் ஸ்டாண்டில் அமீனா உத்தரவை முன் கண்ணாடியில் ஒட்டினார். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஒரு பெண் மூட்டையோடு, “எங்க பொழப்ப ஏன்யா கெடுக்கிறீங்க” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. பஸ் கோர்ட் வளாகத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றது.

அந்த அம்மா முன்பக்கமாக வந்து, பம்பரைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுதானா சாமி அந்த வண்டி?”

“இல்லம்மா. அது எப்பவோ ஏலத்துல போயிடுச்சு. இது வேற.”

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு, கால் வலிக்கிறது என்று சொல்லி, படியைப் பிடித்து ஏறி, உள்ளே ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டார். டிரைவரும் கண்டக்டரும் கீழே நின்றார்கள். கழகத்து ஆள் டிராஃப்ட் எடுத்துக்கொண்டு வர மூன்றரை மணி ஆயிற்று. அதுவரை அவர் அந்த சீட்டிலேயே இருந்தார், எங்கோ ஊருக்குப் போகிறவரைப் போல வெளியே பார்த்துக்கொண்டு.

சீனியர் காலமானது அதற்கு முந்திய வருஷம். அவர் இருந்திருந்தால் இதை வந்து சொல்லியிருப்பேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கார்பன் மை விரலில் ஒட்டுவது நின்றது. லோக் அதாலத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வழக்குகள் சமரசம் ஆகின்றன. நல்லதுதான், ஆறு வருஷம் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அங்கே யாரும் தகர டப்பாவைத் திறக்க நேரமில்லை. நான்குவழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டியபோது நான் பஸ்ஸில் அந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அடிமரங்கள் எண்ணோடு விழுந்து கிடந்தன. சுண்ணாம்பின் மேல் எண்களை வாசித்துக்கொண்டே வந்தேன், பழக்கம்.

போன வருஷம் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பதைத் தாண்டிய வயது. 43-ஆம் எண் மரத்து வழக்கின் மூத்த பெண். அப்பா தவறிவிட்டார், அவர் பெட்டியில் என் பேர் போட்ட கவர் ஒன்று இருந்தது என்றாள். அம்மா விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். பாங்கில் போட்ட அந்தச் சின்னத் தொகை நர்சிங் படிப்பில் முதல் வருஷத்துக்கு ஆயிற்று என்றும் சொன்னாள். நான் பரணிலிருந்து ஆபீஸ் காப்பிக் கட்டை இறக்கினேன். கயிற்றையும் எடுத்துக்கொண்டேன்.

சர்வீஸ் ரோட்டில் ஆட்டோவை நிறுத்தி இறங்கினோம். ஆறு வண்டி ஒரே சமயத்தில் சீறிக்கொண்டு போயின. நடுவில் அரளிச் செடி, ஓரத்தில் இரும்புத் தடுப்பு. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மேற்கே பார்த்தேன். அளக்க ஒரு மரம் கிடையாது. கயிற்றுச் சுருளை அவிழ்க்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

“இங்கதானா சார்?”

“இங்கதான்மா. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றாள். அப்புறம் கேட்டாள், “அம்மா அன்னைக்கு வேலைக்குப் போயிட்டு வந்தாங்களா, இல்ல சும்மா வந்தாங்களா? அப்பாவைக் கேட்டா அழுதுடுவாரு. அதனால கேட்டதே இல்ல.”

கட்டைப் புரட்டினேன். பார்வை மகஜர், மூன்றாவது சான்றாவணம், குறியீடு செய்தவன் நானேதான். மங்கிய கார்பன் எழுத்தில் ஆறாவது வரி. மேற்படி புளியமரத்துக்குக் கிழக்கே மண் ஓரத்தில் ஒரு கதிர் அரிவாளும், சுமார் 10 அடி தூரத்துக்குப் பச்சைப் புல்லும் சிதறிக் கிடந்தன.

வாய்விட்டுப் படித்தேன்.

“இன்னொரு தடவை படிங்க சார்” என்றாள்.

படித்தேன்.